உறுதியும் சான்றிதழும்

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் கணினிச் சான்றிதழ்களைப் பற்றி எழுதப் புகுந்தமை இவ்விதழை வழக்கமாக வாசிப்போர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பழந்தமிழ் இலக்கியத்தையோ ஈழத்து நாட்டார் பாடலையோ விட்டு இவன் ஏன் இந்த வழியிற் போனான் என்று கேட்பாரும் இருப்பர். நான் விரும்பிப் போகவில்லை. இறுதியாண்டு ஆய்வேட்டிற்காகச் சேர்த்த சில குரல்களை என் அவசரத்தினாற் காவலின்றித் திறந்துவிட்டேன். அதன் பின்புதான் சான்றிதழ் என்பது என்ன, அதனை யார் யாருக்குக் கொடுப்பது, கொடுத்தவரை எவ்வாறு நம்புவது என்று படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பு என்னை மீண்டும் எங்கள் காணி உறுதிகளிடமே கொண்டுவந்து சேர்த்தது.

எனது ஆய்வு காணிப் பெயர்கள் பற்றியது. யாழ்ப்பாணத்துக் காணி ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயருண்டு என்பதைப் பட்டணத்தில் வளர்ந்தோர் பலர் அறியார். வளவு, புலம், கலட்டி, சீமா, ஓடை என்று முடியும் அப்பெயர்கள் எழுத்தில் வாழ்வது பெரும்பாலும் உறுதிகளிலேதான். மற்றும்படி முதியோர் நாவிலே வாழ்கின்றன. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் அவ்வூர்களின் நிலம் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாயிருந்தது. பின்னர் அது கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆம் ஆண்டு யூலையில் மீண்டது. இன்னும் மீளாதனவும் உள. மீண்ட இடங்களிற் பலவற்றில் வேலி இல்லை, கதியால் இல்லை, எல்லைக் கல் இல்லை; சிலவற்றிற் கிணறும் தூர்ந்து போயிற்று. எது எவருடைய காணி என்று சொல்வதற்கு உறுதியும், உறுதி இல்லாதவிடத்து முதியோர் நினைவுமே எஞ்சின.

அந்த நினைவுகளை ஒலிப்பதிவு செய்து திரிந்தேன். அவ்வாறு சந்தித்தவர்களில் ஓர் ஆச்சியை மறக்க இயலாது. மல்லாகத்துப் பக்கத்து நலன்புரி நிலையம் ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, காணி மீண்டபின் ஒரு தகரக் கொட்டிலில் தனியே குடியேறியவர். இரண்டு பின்னேரங்களில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் பேசினார். முதல் நாள் பெயர்களை மட்டும் சொன்னார். இரண்டாம் நாள் பேச்சு பெயர்களைத் தாண்டி ஆட்களிடம் போயிற்று. எந்தக் காணிக்காரர் கனடாவிற் காலமானார், எவருக்குப் பிள்ளையில்லை, எவருடைய உறுதி 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது நாவற்குழிப் பாலத்தடியிலே பெட்டியோடு தொலைந்தது என்றெல்லாம் கணக்குப் போல ஒப்புவித்தார். முடித்த பின்னர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோனை, உதை ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாதை. கள்ள உறுதி முடிக்கிறவங்களுக்கு உது காணும்."

"இல்லை ஆச்சி, நான் மட்டுந்தான் கேப்பன்" என்றேன். அந்தச் சொல்லின் பாரத்தை அப்பொழுது உணர்ந்தேனல்லேன்.

இனிக் கணினிக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையின் பின்னறையில் எட்டுக் கணினிகள் உள்ளன. புலம்பெயர்ந்த ஊரவர்கள் தத்தம் கந்தோர்களிற் கழிக்கப்பட்டவற்றைச் சேர்த்து அனுப்பியவை. கழிக்கும்போது தம் தகவல் வெளியே போய்விடுமென்று வன்தட்டுகளைக் கழற்றிவிட்டே அக்கந்தோர்கள் கொடுத்திருந்தன. உடல் வந்தது, நினைவு வரவில்லை. கணினி விஞ்ஞானம் கற்றுக் கொழும்பில் வேலை பார்க்கும் எங்களூர் அண்ணை ஒருவர் இதற்கொரு வழி கண்டார். எட்டையும் வெறும் திரையும் விசைப்பலகையுமாக வைத்துக்கொண்டு, நல்ல கணினி ஒன்றை வாங்கி, அதனுள் எட்டு மெய்நிகர் கணினிகளை அமைத்தார். மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினியின் உள்ளே மென்பொருளாற் படைக்கப்படும் இன்னொரு கணினி. தான் மென்பொருள் என்பது அதற்குத் தெரியாது. தனக்கும் ஓர் உடலுண்டு என்று எண்ணியே நடக்கும். மாலையில் அவற்றை அழித்துவிடுவோம். காலையில் எட்டும் புதிதாய்ப் பிறக்கும். எந்தப் பிள்ளை என்ன குழப்படி செய்துவிட்டுப் போனாலும் மறுநாள் அதன் சுவடு இராது. பிறப்பதற்கு வேண்டிய நிரல்கள் யாவும் அலுமாரிக்குள் இருக்கும் வேறொரு சேர்வரில் இருந்து கம்பி வழியாக வரும்.

புதிதாய்ப் பிறந்த இந்த இயந்திரத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு எவரையும் தெரியாது. இன்ரெல் நிறுவனம் 1999 இல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 என்னும் பழைய முறைப்படி அது கண்விழித்ததும் கம்பியிலே கூவும்: எனக்கொரு முகவரி தருவார் யார், என்னைத் தொடக்கும் நிரல் எவரிடம் உண்டு? விடை சொன்னவரை அது நம்பும். அந்த நிரற் கோப்பைச் சுமந்துவரும் ரி.எவ்.ரி.பி. என்னும் ஏற்பாடோ 1981 இலேயே எழுதப்பெற்றது. கொடுப்பவர் யாரென்று விசாரிக்கும் வழக்கமே அதற்கில்லை. எவரும் எவரையும் அறிந்திருந்த சிறிய ஆய்வுகூடங்களுக்கு அது போதுமாயிருந்திருக்கும். அரை ஊருக்குக் கடவுச்சொல் தெரிந்த வைபை பெட்டியும் அதே கம்பியிற் பொருத்தப்பட்டிருக்கும் எங்கள் வாசிகசாலைக்கு அது போதாது.

2015 இல் வெளிவந்த யூ.ஈ.எவ்.ஐ. 2.5 என்னும் நியமம், இணையப் பக்கங்களை நாம் பார்க்கும் அதே வழியாலே கணினியைத் தொடக்குதற்கு இடமளித்தது. அவ்வழியை எச்.ரி.ரி.பி.எஸ். என்னும் பாதுகாப்போடு சேர்த்தால் இயந்திரம் நிரலைப் பெறுமுன் சேர்வரிடம் சான்றிதழ் கேட்கும். இன்ன பெயருடைய சேர்வர் இது என்று வேறொருவர் ஒப்பமிட்ட பத்திரமே சான்றிதழ். ஒப்பமிட்டவருக்குச் சான்று யார்? அவருக்கு மேல் இன்னொருவர். இப்படியே ஏறிப் போனால் ஈற்றில் தனக்குத் தானே ஒப்பமிட்ட ஒரு வேர்ச் சான்றிதழில் முடியும். அந்த வேரை நம்பலாம் என்று புதிதாய்ப் பிறந்த இயந்திரத்துக்குச் சொல்லியவர் யார்?

என்னை உறங்கவிடாத கேள்வி இதுதான். அந்த நம்பிக்கையைக் கம்பி வழியே அனுப்ப முடியாது. சந்தேகத்துக்குரியதே அந்தக் கம்பியல்லவா? மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரிப்பது போலாகும். உண்மையான உடலுள்ள கணினியென்றால் ஒருவர் அதன் முன்னே அமர்ந்து வேர்ச் சான்றிதழைக் கையால் ஏற்றிவிடலாம். நாடோறும் பிறந்து நாடோறும் அழியும் எட்டு மெய்நிகர் கணினிகளின் முன் யார் அமர்வது? கியூ.எமு என்னும் மென்பொருளும் அதனோடு இயங்கும் ஓ.வி.எம்.எவ். என்னும் தொடக்க நிரலும் இதனைத் தீர்த்த விதம் எளிமையானது, அழகானதுங்கூட. மெய்நிகர் கணினியைத் தன் வயிற்றிற் சுமக்கும் பெரிய கணினியே, நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலை உள்வழியாக அதன் கையிற் கொடுத்துவிடுகிறது. வலையிலுள்ள எவரும் அந்த வழியிற் கைவைக்க இயலாது. இயந்திரம் அதனை நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகவே பெறுகிறது. சுமப்பவள் பொய் சொன்னால் எல்லாம் பொய்தான் என்பது உண்மையே. ஆயினும் சுமப்பவளை நம்பாதார்க்கு அந்த வயிற்றில் இடமுமில்லை.

அந்தப் பட்டியலில் எதனைச் சேர்ப்பது என்பதிலே பலர் அசட்டையாக இருப்பதாக அண்ணை சொல்வார். பெரிய கணினி தன் சொந்த உபயோகத்துக்காக நூற்றுக்கு மேற்பட்ட வேர்ச் சான்றிதழ்களை வைத்திருக்கும். அவற்றை அப்படியே கொடுத்துவிடலாம், வேலை நடக்கும். அண்ணை கொடுத்தது ஒன்றே ஒன்று. தாமே உண்டாக்கிய வேர், அலுமாரிச் சேர்வருக்கு மட்டும் ஒப்பமிட்டது. "ஒரு வீட்டுக்குப் போற பிள்ளைக்கு நூறு வீட்டுத் திறப்பு என்னத்துக்கு?" என்பது அவர் வாதம்.

அவ்வாதத்துக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்னும் சான்றிதழ் நிறுவனம் இருந்தது. நொத்தாரிசுமாரின் தொடர்போடு தோன்றி, பெயரிலேயே நொத்தாரிசைத் தாங்கியது. 2011 இல் அதன் கணினிகளுட் புகுந்தவர்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களைச் செய்துகொண்டனர். கூகிளின் பெயரில் எழுந்த ஒன்று ஈரானிலுள்ளோர் மின்னஞ்சலை ஒட்டுப்பார்க்கப் பயன்பட்டது. செய்தி வெளியானதும் உலகத்து உலாவிகள் அதன் வேரைப் பிடுங்கி எறிந்தன; அவ்வாண்டு செப்டெம்பரிலேயே நிறுவனம் முறிந்தது. ஒப்பம் யாவும் முறைப்படியே இருந்தன. ஒப்பமிட்ட கைதான் வேறு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மம்மாவின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதிலே சீதன உறுதி, நன்கொடை உறுதி, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் பிரித்த உறுதி எல்லாம் பழந்துணியிற் சுற்றிக் கிடக்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கும்போது ஒப்பமிடப்பட வேண்டுமென்றது. அச்சட்டத்தின் பெயரே மோசடிகளைத் தடுத்தல் என்பதாகும். உறுதியின் ஒரு பிரதி காணிக்காரரிடமும், ஒன்று நொத்தாரிசிடமும், ஒன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். மூன்றும் ஒரு கூரையின் கீழ் இல்லை என்பதிலேதான் அதன் பலம். பெட்டியும் வீடும் போன பலர் பதிவகப் பிரதியைக் கொண்டே தம் காணியை மீட்டனர். இன்று கணினியிற் பொது உபயோகத்துக்கு வந்திருக்கும் இம்முறையிற் பாதியை எங்கள் நொத்தாரிசுமார் மை தொட்ட பேனாவோடு செய்துவந்தார்கள் எனலாம். எமது நாட்டின் 2006 ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின் ஒப்பத்தை ஏற்றுக்கொண்டபோதும் காணி விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியதன் காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

இத்தனை நியாயமும் நான் பிழை செய்தபின் கற்றவை. அந்தப் பிழையை இனி ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்.

அவ்வாண்டு மாசி மாதம் ஓர் இரவு இடி விழுந்து அலுமாரிச் சேர்வர் எரிந்தது. வேர்ச் சான்றிதழின் இரகசியத் திறவுகோலையும் அதே பெட்டிக்குள் வைத்திருந்தமை தம்முடைய பிழையென அண்ணை பின்னர் ஒத்துக்கொண்டார். அவர் கொழும்பிலிருந்து இன்னொரு சேர்வரை பஸ்ஸில் அனுப்பினார். அதற்குப் புதிய வேர், புதிய சான்றிதழ். புதிய வேரை மின்னஞ்சலில் அனுப்பி, பெரிய கணினியின் பட்டியலில் அதனை எப்படி மாற்றுவதென்று விளக்கமாக எழுதியுமிருந்தார். எனக்கோ ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கையளிக்க இரண்டு நாட்களே இருந்தன. சேர்வரை மட்டும் பொருத்திவிட்டு மின்னஞ்சலைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

காலையில் எட்டு இயந்திரங்களும் எழ மறுத்தன. சான்றிதழை ஏற்க இயலாது என்பதே திரையில் வந்த செய்தியின் சாரம். அவை செய்தது முற்றிலும் சரி. தமக்குத் தெரிந்த பெரியவர் ஒப்பமிடாத பத்திரத்தோடு யாரோ ஒருவர் வாசலில் நிற்கிறார், திறக்கமாட்டோம் என்றன. எனக்கு அது பழுதாகத் தோன்றியது. காவல் தன் வேலையைச் செய்யும் வேளையிலேதான் காவல் பழுதென்று நமக்குத் தோன்றுகிறது. தொடங்கும் வழியை மாற்றி, பழைய பி.எக்ஸ்.இ. முறைக்கு விட்டேன். ஐந்து நிமிட வேலை. எட்டும் எழுந்தன. நான் ஒலிப்பதிவுகளைத் திறக்கும் கடவுச்சொல்லைத் தட்டி ஆச்சியின் குரலை எழுத்தாக்கத் தொடங்கினேன். இயலையும் தவணைக்குள் கையளித்தேன். பத்தொன்பது நாட்கள் இப்படியே நடந்தது. உண்மையைச் சொன்னால் அதனை மறந்தே போனேன்.

இருபதாம் நாள் அண்ணை தொலைபேசியிற் பேசினார்.

"தம்பி, புது வேரை ஏத்தினனீரோ? கைரேகை ஒத்துப் பாத்தனீரோ?"

நான் செய்ததைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "சேர்வரின்ரை பதிவேட்டைத் திறந்து வாசியும் பாப்பம்" என்றார். ஒவ்வொரு காலையும் எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு நிரல் கேட்டது என்று சேர்வர் குறித்துவைக்கும். பதினேழு காலைகளுக்குக் குறிப்பிருந்தது. இரண்டு காலைகளுக்கு இல்லை. அந்த இரண்டு நாளும் நான் அங்கிருந்து வேலை செய்தேன். இயந்திரம் எழுந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவற்றுள் ஒரு நாள் மின்சாரம் நின்று வந்தது, அதனாற் பதிவேடு அழிந்திருக்கலாம். மற்ற நாள் மின்சாரம் நிற்கவில்லை.

"அப்ப அண்டைக்கு அதை எழுப்பினது ஆர் அண்ணை?"

"அதை இனி ஒருத்தராலும் சொல்லேலாது" என்றார் அவர். ஏதோ ஒரு மாணவனின் மடிக்கணினி சோதனைக்காக விடை சொல்லியிருக்கலாம். வைபை பெட்டியின் கோளாறாயிருக்கலாம். பதிவேடே தவறியிருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். திருட்டுப் போனதென்றால் அழலாம், போகவில்லையென்றால் ஆறலாம். இரண்டுமில்லாத இந்த நிலைக்கு என்ன பெயரென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே புதிய வேரை ஏற்றினோம். மின்னஞ்சலில் வந்ததை அப்படியே ஏற்றக்கூடாது. அதுவும் ஒரு கம்பி வழியாகவே வந்தது. சான்றிதழ் ஒவ்வொன்றிற்கும் கைரேகை போல அறுபத்துநான்கு எழுத்துகள் உண்டு, பூச்சியம் முதல் ஒன்பது வரையும் ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஆறும் கலந்தவை. அண்ணை தம்மிடமுள்ள பிரதியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் திரையைப் பார்த்து ஆமாம் போட்டேன். சிறுவயதில் அவர் எனக்கு வாய்பாடு சொல்லித் தந்த அதே குரல். நாற்பத்தொன்றாம் எழுத்தில் இணைப்பு அறுந்தது. "முதலிலை இருந்து" என்றார். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமே என்றதற்கு அவர் இசையவில்லை. இம்முறை வேரின் திறவுகோல் சேர்வரில் இல்லை. வேறோர் இடத்தில், வலையோடு ஒட்டாத சிறிய பேழையொன்றில் இருக்கிறது. இவ்வளவு செய்தும் முழுக் காவல் கிடைத்துவிட்டதென்று சொல்லேன். இத்தகைய தொடக்க நிரலின் வலைப்பகுதியில் ஒன்பது ஓட்டைகள் இருந்தமையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2024 யனவரியில் வெளியிட்டார்கள். சான்றிதழைக் காட்டும் கட்டத்துக்கு முன்னரே உட்புகக்கூடிய ஓட்டைகள் அவை. நிரலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

போனை வைக்குமுன் அண்ணை ஒன்று சொன்னார்: "உதை அந்த மனுசிக்குச் சொல்ல வேணும்."

மறுநாட் போனேன். ஆச்சி முற்றத்திற் கதியால் நட்டுக்கொண்டிருந்தார். மெய்நிகர், வேர் என்றெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. "ஆச்சி, நீங்கள் கதைச்சதை வைச்சிருந்த பெட்டியை இரண்டு நாள் பூட்டாமல் விட்டிட்டன். ஆரும் எடுத்தினமோ எண்டு தெரியாது" என்றேன். கிடங்கில் மண்ணை மிதித்து இறுக்கி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு திண்ணையில் இருந்து, கேளாத ஒரு கதையைச் சொன்னார்.

காணி விடுபட்ட முதற் கிழமை அவர் தம் உறுதியோடு வந்தபோது, அதே வளவுக்கு உரிமை சொல்லி இன்னொருவர் வேறோர் உறுதியோடு நின்றாராம். பார்த்தவரெல்லாம் அது மெய்யான உறுதிதான் என்றார்களாம். "முத்திரையும் சரி, நொத்தாரிசின்ரை கையெழுத்தும் சரி மோனை. எல்லையை வாசிச்சுப் பாத்தால் காணி வேறை. கிழக்கெல்லை கடல் எண்டிருக்கு. என்ரை கிழக்கிலை எங்கை கடல்?" ஒருவரும் கடைசிவரை வாசிக்கவில்லை, ஒப்பத்தை மட்டும் பார்த்தார்கள்.

நான் திடுக்குற்றேன். நம்பிய வேர் ஒப்பமிட்ட சான்றிதழா என்பதை மட்டும் பார்த்து, அதிலெழுதிய பெயர் தான் தேடிவந்த சேர்வரின் பெயர்தானா என்பதைப் பாராது விடும் குறை அந்தத் தொடக்க நிரலிலேயே இருந்தது. 2019 இல்தான் அதனைத் திருத்தினார்கள். எத்தனையோ பொறியியலாளர் கண்ணுக்குத் தப்பியதை ஆச்சி கிழக்கெல்லையில் வைத்துப் பிடித்திருந்தார். அவருக்கு இதை விளக்க முயன்றேன். அவர் அக்கறை காட்டவில்லை.

"இரண்டாம் நாள் கதைச்சதை அழி" என்றார்.

அதுதான் என் ஆய்வின் உயிர்ப்பகுதி. நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் மட்டுமே இருந்தன. அழிப்பதால் அந்த இரண்டு நாளும் மீளப் போவதில்லை என்று நியாயம் சொல்ல நாக்கு எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் முன்னிலையிலேயே கைத்தொலைபேசியிலிருந்த பிரதியை அழித்தேன். சேர்வரில் இருந்ததை அன்றிரவு அழித்துவிட்டு வந்து சொன்னேன். கையளித்த மூன்றாம் இயலைத் திரும்பப் பெற்று அப்பெயர்களை நீக்கினேன். என் மேற்பார்வையாளர் காரணம் கேட்டார், சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தவணையை மட்டும் நீட்டித்தந்தார்.

ஆவணியில் ஆச்சியே ஆளனுப்பினார். கதியால்கள் துளிர்த்திருந்தன. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"பொறு. உன்ரை காட்டைக் காட்டு."

பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி, கையை நீட்டிப் பிடித்து, என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பீடத்தை வாசித்தார். படத்தைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தையும் முழுக்க வாசித்தார். பிறகு அதனைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு, "இனிப் பொத்தானை அமத்து" என்றார்.